மூடிவிட்டால் தெரியாத வேலை

சங்கக் கூட்டங்களில் சந்திக்கும் நண்பர்கள், "ரிடையர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது?" என்று விசாரிப்பதுண்டு. பிளாஸ்டிக் விமானம் செய்கிறேன் என்பேன். "பேத்திக்கா?" என்பார்கள். எனக்கும் பேத்திக்கும் என்பேன். அந்த விமானத்தில் விமானி உட்காரும் இடத்துக்கு மட்டும் ஆறு வாரம் ஆகிறது, மேல்மூடியை ஒட்டிவிட்டால் அந்த வேலையில் பாதி கண்ணுக்கே தெரியாது என்று சொன்னால், கேட்டவர் மெல்லப் பேச்சை மாற்றிவிடுவார். நம் மலரின் ஆசிரியர் மட்டும் பேச்சை மாற்றாமல், "அதையே எழுதிக் கொடுங்கள்" என்றார். அதனால் இந்தக் கட்டுரை.

பெட்டியில் வருவதும் வராததும்

விமான மாடல் கிட்டை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கை, வால், சக்கரம் எல்லாம் காய்த்துத் தொங்குவதுபோல் இருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும். உலகில் மிகப் பரவலாக உள்ள அளவுகளில் ஒன்று 1/72. அதாவது உண்மை விமானத்தில் 72 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. இந்த விசித்திரமான எண் அங்குலக் கணக்கிலிருந்து வந்தது. ஆறடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தார்கள். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாகிவிடுவான். 1936-இல் இங்கிலாந்தில் ஃபிராக் என்ற நிறுவனம் இந்த அளவில் 'பெங்குவின்' என்ற பெயரில் கிட்டுகளை விற்றது. பறக்காத விமானத்துக்குப் பறக்காத பறவையின் பெயர்! இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வீரர்கள் பார்த்தவுடன் அறிந்துகொள்ள இதே அளவு மர மாடல்கள் பயன்பட்டன. 1942 முதல் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் அவற்றைச் செய்து கொடுத்தார்கள்.

1950-களிலும் 60-களிலும் வந்த பிளாஸ்டிக் கிட்டுகளில் வெளி உருவம் நன்றாகவே இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் வெறும் குகை. ஓர் இருக்கை, அதில் ஒரு விமானி பொம்மை, அவ்வளவுதான். சில கிட்டுகளில் இருக்கைகூடக் கிடையாது. பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகள்மேல் பொம்மையை ஏற்றி வைக்க வேண்டும். குழந்தை கையில் பிடித்து 'உர்ர்' என்று ஓட்ட இது போதும். கொஞ்சம் விவரம் தெரிந்தவருக்கு அந்த வெற்றிடம் உறுத்தும்.

இப்போது வரும் புதிய கிட்டுகளில் கருவிப் பலகை முதல் பெல்ட் வரை எல்லாம் வருகிறது. பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்ணிய பாகங்களைத் தனியாகவும் விற்கிறார்கள். விலை கொடுத்து வாங்கி ஒட்டலாம். ஆனால் பழைய கிட்டை வைத்துக்கொண்டு, வீட்டில் கிடைக்கும் துண்டு துக்கடாக்களால் உள்ளறையை நாமே கட்டுவது வேறு வகைச் சுகம். 'ஸ்கிராட்ச் பில்டிங்' என்பார்கள். ஒன்றுமில்லாததிலிருந்து கட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் ஹரிக்கேன்?

பழைய சாமான் கடையில் எனக்குக் கிடைத்தது ஹாக்கர் ஹரிக்கேன் என்ற போர் விமானத்தின் கிட். பெட்டியின் மூடி கிழிந்திருந்தது. பாகங்கள் முழுசாக இருந்தன. போர் விமானங்களில் எல்லோரும் ஸ்பிட்ஃபயரைத்தான் கொண்டாடுவார்கள். நான் ஹரிக்கேனின் பக்கம். காரணம், அதன் எலும்புக்கூடு ஒரு பாலம்.

டிப்ளமா முடித்து வடக்கு ரயில்வேயில் சேர்ந்த நான் பெரும்பாலான வருடங்களைப் பாலக் கர்டர்கள் செய்யும் பணிமனையில் கழித்தவன். ரயில் ஆற்றைக் கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்கள் ஓடுமே, அந்த அமைப்புகளில் ஒன்றுக்கு வாரன் கர்டர் என்று பெயர். ஹரிக்கேனின் உடம்புக்குள்ளும் அதே வாரன் கர்டர்தான், இரும்புச் சட்டத்துக்குப் பதில் எஃகுக் குழாய். அந்தக் குழாய்களை வெல்டிங் செய்யவில்லை. நுனியைச் சதுரமாக்கி, தகடு வைத்து, போல்ட்டும் ரிவெட்டும் கொண்டு பூட்டினார்கள். பின்பக்கம் மரச்சட்டங்களின்மேல் துணி போர்த்தி வர்ணம் பூசினார்கள். குண்டு பட்டால் துணியில் ஓட்டை விழும். குழாய் வளைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பெரிய தொழிற்சாலைக்கு அனுப்பாமல் களத்திலேயே பல பழுதுகளைப் பார்த்து மறுபடி பறக்கவிட்டதற்கு இந்தக் கட்டுமானம்தான் காரணம்.

இதை வடிவமைத்தவர் சிட்னி காம். தச்சர் மகன். தாமும் தச்சு வேலை பழகியவர். பட்டம் எதுவும் பெறாதவர். இளம் வயதில் வின்சர் நகரத்தில் மாடல் விமானங்கள் செய்து விற்றவர். அந்தக் கைதான் 1935 நவம்பர் 6-ஆம் தேதி முதலில் பறந்த ஹரிக்கேனை வரைந்தது. பின்னாளில் நம் விமானப்படை வைத்திருந்த ஹண்டர் ஜெட்டும் அவர் வடிவமைத்ததே.

இன்னொரு ரயில்வே உறவும் உண்டு. 14,000-க்கும் மேற்பட்ட ஹரிக்கேன்களில் சுமார் 1,450-ஐக் கனடாவில் ஒரு ரயில் பெட்டித் தொழிற்சாலை செய்தது. கனடியன் கார் அண்டு ஃபவுண்டரி என்று அதன் பெயர். அங்கே தலைமை விமானப் பொறியாளராக இருந்தவர் எல்சி மெக்கில் என்ற பெண்மணி. போலியோவால் கால் பாதிக்கப்பட்டுக் கைத்தடியோடு நடந்தவர். 'ஹரிக்கேன்களின் ராணி' என்று 1942-இல் அவரைப் பற்றிச் சித்திரக்கதையே வந்தது. இதைக் கேட்ட பிறகுதான் என் பேத்தி மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நூலில் மூன்றில் ஒரு பங்கு

கத்தியைத் தொடுவதற்கு முன் பென்சிலைத் தொட வேண்டும். ஹரிக்கேனின் இறக்கை விரிவு 40 அடி. 72-ஆல் வகுத்தால் 169 மி.மீ. இது சுலபம். உள்ளே போகப் போக எண்கள் சிறுத்துவிடும். சுமார் 80 மி.மீ. விட்டமுள்ள ஒரு கருவி முகப்பு மாடலில் 1.1 மி.மீ. ஆசாரிமார் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அந்த நூலில் மூன்றில் ஒரு பங்குதான் இது! ஓர் அங்குலக் குழாய் என்று கொண்டால் 0.35 மி.மீ. ஒன்றரை அடி அகல இருக்கை 6.35 மி.மீ.

அடுத்து ஒரு சிக்கல். கிட்டின் உடம்புச் சுவர் ஏறக்குறைய 1.5 மி.மீ. தடிப்பு. அதை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், 108 மி.மீ., நாலு அங்குலத்துக்கும் மேல். உண்மை விமானத்தின் தோலோ மெல்லிய தகடும் துணியும். இரண்டு சுவரும் சேர்ந்து விமானியின் இடத்திலிருந்து எட்டரை அங்குலத்தைத் தின்றுவிடுகின்றன. ஆகவே எல்லாவற்றையும் கணக்குப்படி செய்தால் உள்ளே நுழையாது. பிளேடின் நுனியால் சுவரை உட்புறமாகச் சுரண்டி மெலிதாக்க வேண்டும். அப்படியும் போதாததை இருக்கையில் அரை மி.மீ., பக்கக் குழாயில் கொஞ்சம் என்று பகிர்ந்து குறைக்க வேண்டும். சுரங்கத்துக்கும் பெட்டிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ரயில்வேயில் அளவு அட்டவணை வைத்திருப்போம். இங்கேயும் ஒரு தாளில் அப்படி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வேண்டிய சாமான்கள்

கடைக்குப் போக வேண்டியது குறைவு. சட்டத்தில் மீந்த பிளாஸ்டிக்கை மெழுகுவர்த்தித் தீக்கு மேலே, தீயில் படாமல் காட்டினால் இளகித் தொங்கும். உடனே வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் நூலாக நீளும். மெதுவாக இழுத்தால் தடித்த கம்பி, வேகமாக இழுத்தால் தலைமுடி. இதுதான் குழாய். பழைய 14/36 ஃப்ளெக்ஸிபிள் ஒயரைச் சீவினால் 0.2 மி.மீ. செம்பு இழைகள் கிடைக்கும். நெம்புகோல்களுக்கும் பைப்புகளுக்கும் அதுவே. வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தயிர்க் கிண்ணமோ ஐஸ்கிரீம் கிண்ணமோ தகடாகும். கிட்டுக்கான சிமென்டில் அது இளகி ஒட்டுகிறதா என்று முதலில் ஒரு துண்டில் சோதித்துக்கொள்ளவும். மாத்திரை அட்டையின் பின்பக்க ஈயத்தாள் பெல்ட்டாகும். மருந்துக் கடையில் புதிதாக வாங்கிய 16-ஆம் நம்பர் ஊசியின் முனையை அரத்தால் சமமாக்கி, உள்விளிம்பைக் கூராக்கினால் 1.2 மி.மீ. வட்டம் வெட்டும் பஞ்ச் தயார். 18-ஆம் நம்பர் ஊசி இன்னும் சிறிய வட்டத்துக்கு.

இரு கண்ணிலும் புரை நீக்கிக்கொண்ட என்னைப் போன்றவருக்கு நல்ல விளக்கும் கடிகாரக்காரர் கண்ணில் இடுக்கும் லென்ஸும் அவசியம். சிமென்ட் வாசனை ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேடைக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

உள்ளே ஒவ்வொன்றாக

முதலில் குழாய்கள். இரண்டு பக்கச் சுவரிலும் நீளவாக்கில் மேலொன்று கீழொன்று, நடுவே சாய்வாகக் குறுக்குக் குழாய். முக்கோணம் விழ வேண்டும். சுவருக்கு வெளிர் பச்சை கலந்த சாம்பல் நிறம் கொடுத்து, குழாய்களுக்கு அலுமினிய வெள்ளி நிறம் கொடுத்தால் அவை எடுப்பாகத் தெரியும்.

அடுத்து தளம். ஹரிக்கேனில் முழுத் தளமே கிடையாது என்பது பலருக்குப் புதிய செய்தி. விமானியின் இரண்டு காலுக்கும் இரண்டு நீளத் தட்டுகள், அவ்வளவே. கால் நழுவினால் கீழே குழாயும் கம்பியும் இருட்டும்தான். கிட்டோடு தட்டையான தளம் வந்தால் அதை வெட்டியெறிந்துவிட்டு இரண்டு பட்டைகளை ஒட்டுங்கள்.

இருக்கையைத் தயிர்க் கிண்ணத் தகட்டில் வளைத்துச் செய்யலாம். அதன் பின்னால் ஒரு கவசத் தகடு. விமானியைக் கட்டும் பெல்ட் நான்கு பட்டை கொண்டது, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. இரண்டு அங்குலப் பட்டை 0.7 மி.மீ. ஆகும். ஈயத்தாளை அந்த அகலத்தில் கீறி, ஊசி முனையால் வரிசையாகக் குத்தினால் பெல்ட் ஓட்டைகள் வந்துவிடும். துணிபோல் தொய்ந்து விழும்படி பல்குத்தும் குச்சியால் அழுத்தி விடுங்கள்.

கைப்பிடிக் கம்பத்தின் தலை ஒரு வளையம். செம்பு இழையைக் குண்டூசியைச் சுற்றி வளைத்தால் அது கிடைக்கும். இடப்பக்கம் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திராட்டில் பிடி, வலப்பக்கம் சக்கரத்தையும் ஃபிளாப்பையும் ஏற்றி இறக்கும் நெம்புகோல், அதற்கு ஆங்கில ஹெச் எழுத்துபோல் ஒரு வழித்தடம். இதை ஒட்டும்போது கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். விமானம் மேலெழும்போது வலக்கை கம்பத்தில் இருக்கும், இடக்கை திராட்டிலில் இருக்கும். சக்கரத்தை மடக்கும் நெம்புகோலோ வலப்பக்கம். ஆகவே விமானி இடக்கையைக் கம்பத்துக்கு மாற்றி, வலக்கையை விடுவித்து, அதை இயக்க வேண்டும். தரையை விட்டுச் சில அடி எழுந்த நேரத்தில் இந்தக் கைமாற்று! புத்தகத்தில் படித்தால் ஒரு வரியாகப் போய்விடும். இரண்டு நெம்புகோலையும் சாமணத்தில் பிடித்து எதிரெதிர்ப் பக்கம் ஒட்டினால் மறக்காது.

கருவிப் பலகைதான் உச்சம். வெள்ளைத் தகட்டில் பலகையை வெட்டி, நடுவில் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு வட்டங்கள். மேல்வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், ஏறும் வீதம். கீழ்வரிசையில் உயரமானி, திசைகாட்டும் கைரோ, திருப்பமும் சாய்வும் காட்டும் கருவி. மேகத்துக்குள் ஒன்றும் தெரியாதபோது இந்த ஆறையும் பார்த்தே பறக்க வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படை விமானங்கள் பலவற்றில் இவை இதே வரிசையில் இருந்தன. ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் ஏறித் தேட வேண்டியதில்லை. வலப்புறம் எஞ்சின் வெப்பம், பூஸ்ட் முதலியவை. எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்து, காய்ந்ததும் ஊசி முனையால் மெல்லச் சுரண்டினால் அடியிலுள்ள வெள்ளை, முள்ளாகவும் கோடாகவும் தெரியும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் கண்ணாடி.

பலகைக்குப் பின்னால்

அந்தப் பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஹரிக்கேனில் ஒரு பெட்ரோல் தொட்டி இருந்தது. 28 காலன், ஏறக்குறைய 127 லிட்டர். விமானியின் முழங்காலுக்கு நேர் எதிரே. அது தீப்பிடித்தால் தீ நேராக அவர் மடிக்கு வரும்.

1940 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஜேம்ஸ் நிகல்சன் என்ற விமானிக்கு அது நடந்தது. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் அருகே அவருடைய ஹரிக்கேன் தாக்கப்பட்டுத் தீப்பற்றியது. குதிக்கத் தயாரானவர், எதிரி விமானம் முன்னால் வருவதைப் பார்த்து, தீக்குள் மறுபடி உட்கார்ந்து அதைச் சுட்ட பிறகே குதித்தார். கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார். விக்டோரியா கிராஸ் பெற்றார். பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவுக்கு அந்தப் போரில் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் அது. அவர் பின்னர் நம் கிழக்குப் பகுதிக்கு மாற்றலாகி வந்தார். 1945 மே 2-ஆம் தேதி, போர் முடியும் தறுவாயில், அவர் சென்ற லிபரேட்டர் விமானம் வங்காள விரிகுடாவில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை.

தொட்டியை நான் அரை மி.மீ. தகட்டில் மடித்து வைத்திருக்கிறேன். உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டால் கடவுளைத் தவிர யாரும் பார்க்க முடியாது. "அப்புறம் எதுக்கு தாத்தா?" என்று பேத்தியும் கேட்டாள். பால வேலையில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில், உள்முகத்துக்கும் முறையாகப் பெயின்ட் பூசிய பிறகே ரிவெட் அடிப்போம். மூடிய பிறகு அதை எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை. ஆனால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பார்க்காத இடத்தை ஒழுங்காக வைத்தால்தான் மேலே ரயில் போகும். மாடலில் ரயில் போகப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த இருக்கையில் எரியும் தொட்டிக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அந்தத் தொட்டியைச் செய்யாமல் விட்டால் நான் செய்தது வெறும் பொம்மை.

நம் நாட்டவரும் அதே இருக்கையில் அமர்ந்தவர்கள்தான். 1944-இல் இம்பாலை ஜப்பானியர் முற்றுகையிட்டபோது இந்திய விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரன் அங்கிருந்து ஹரிக்கேன்களில் பறந்தது. தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் அர்ஜன் சிங். பிற்காலத்தில் விமானப்படையின் மார்ஷல் ஆனாரே, அவர்தான். என் விமானத்துக்கு அந்த ஸ்குவாட்ரனின் அடையாளத்தையே போட உத்தேசம். தில்லி பாலத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேன் இருக்கிறது. திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

அரமும் ரேத்தியும்

இந்த வேலையில் எதிர்பாராமல் கிடைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பணிமனையில் எனக்குக் குறடு 'பிலாஸ்' ஆகவும், அரம் 'ரேத்தி' ஆகவும், உப்புத்தாள் 'ரேக்மால்' ஆகவும் இருந்தன. வீட்டில் தமிழ் பேசினோம். ஆனால் வீட்டுத் தமிழ் சாப்பாடு, பள்ளிக்கூடம், உறவு என்று நின்றுவிடும். ஆயுதங்கள் அதற்குள் வருவதில்லை. பேத்தி ஒருநாள், "தாத்தா, அந்தச் சிம்ட்டி குடுங்க" என்றாள். "அது சாமணம், கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லை நான் வாயால் உச்சரித்து எத்தனை வருடம் இருக்கும் என்று நினைத்தேன். சிறுவயதில் எங்கள் தெரு ஆசாரி வீட்டுத் திண்ணையில் கேட்ட சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. உளி, இழைப்புளி, மட்டப்பலகை, தமர், நூல்.

மகன், மகள் வீட்டோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் நம்மில் பலர். பேரக் குழந்தைகளோடு தமிழில் என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. கதை சொன்னால் அவர்களுக்கு டி.வி.யும் செல்போனும் இருக்கின்றன. ஒரு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து ஒரே பொருளைச் செய்யும்போது பேச்சு தானாக வருகிறது. "பிடி, விடு, அழுத்து, மெதுவா, இன்னும் ஒரு நூல் தள்ளு" என்பவை பாடப்புத்தகத்தில் இல்லாத தமிழ். விமானம்தான் என்பதில்லை. தையலோ, தச்சோ, மண்பொம்மையோ எதுவானாலும் சரி.

கடைசியாக இரண்டு குறிப்புகள். உள்ளே வர்ணம் முழுவதும் காய்ந்த பிறகே உடம்பை ஒட்டவும். ஒட்டும் முன் இரண்டு பாதியையும் ரப்பர் பேண்டால் கட்டி, பலகையும் இருக்கையும் இடிக்காமல் சேருகின்றனவா என்று பார்க்கவும். மேல்மூடிக்கு ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவியில் கண்ணாடி வெளுத்துப்போகும். ஃபெவிகால் போதும். மூடியை ரம்பத்தால் நிதானமாக அறுத்துப் பின்னால் தள்ளித் திறந்தபடி வைத்தால், செய்ததில் பாதியாவது வெளியே தெரியும்.

பரணில் பிள்ளைகள் பாதியில் விட்ட பழைய கிட் ஏதேனும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பள்ளி விடுமுறையில் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து செய்வோம். அரமும் உப்புத்தாளும் நான் கொண்டுவருகிறேன். சாமணம் மட்டும் ஆளுக்கொன்று வேண்டும். பாட்டியிடம் கேளுங்கள், எங்கேயாவது ஒரு டப்பாவில் இருக்கும்.